கடன் என்று எழுதாத கடன்: திருகோணமலைக் கராஜ் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன் தம்பிமாரே, நானாமாரே, மல்லிமாரே,

அனுராதபுரச் சந்தியிலிருந்து உப்புவெளி வரைக்கும், பாலையூற்றிலும் சீனக்குடாவிலும், கிண்ணியாவிலும் மூதூரிலும், கந்தளாய் போகிற பெருந்தெருவிலும் கராஜ் நடத்துகிற, கராஜில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். டிங்கர் அடிக்கிறவர், பெயின்ற் அடிக்கிறவர், வயரிங் பார்க்கிறவர், ரயர் ஒட்டுகிறவர், சேர்விஸ் குழிக்குள் இறங்கி நிற்கிறவர் எல்லோரும் இதில் அடக்கம். என்னை உங்களில் பலருக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தகரக் கொட்டிலுக்குள் கராஜ் நடத்தியவன். இப்போது கண் மங்கிவிட்டது. வேலையை மருமகன் பார்க்கிறான். காலையில் வெளிச்சம் நல்லாக இருக்கும்போது பத்திரிகையும் புத்தகமும் வாசிக்கிறேன். வாசித்ததில் உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் உள்நாட்டில் வாகனம் பொருத்தும் கொம்பனிகள் சில முளைத்தன, சில பெருத்தன. கதவு திறந்தபின் அவை தாக்குப்பிடிக்குமா, தாக்குப்பிடிக்காவிட்டால் அரசு கைகொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எப்படி என்பதுதான் இப்போது கேள்வி. இதைத் தேநீர்க்கடையில் நான் எடுத்தபோது ஒரு தம்பி சொன்னான்: "கொழும்புக் கொம்பனிக்குக் கடன் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன மாமா, வாகனம் பழுதானால் எங்களிட்டைத்தானே வரும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கொம்பனிகளுக்குப் போகும் காசில் உங்கள் காசும் இருக்கிறது. போகிற விதத்தைப் பொறுத்து உங்கள் தொழிலும் இருக்கும் அல்லது இல்லாமல் போகும்.

என் அப்பா டொக்யாட்டில் பிற்றராக இருந்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. கையில் மிஞ்சியது ஒரு ஸ்பானர் பெட்டி. வேப்பமரத்துக்குக் கீழே கராஜ் போட்டார். முதலில் வந்தவை ஹையர் ஓடிய ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும். எழுபதுகளில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலத்தில் ஒரு கிங்பின் புஷ்ஷைக் கொழும்பிலும் தேடி எடுக்க முடியாது. அப்பா பழைய இரும்புக் கடைக்குப் போய்க் கப்பல் உடைசலில் வந்த வெண்கலத் துண்டை நிறுத்து வாங்குவார். லேத்தில் பூட்டி, மயிரளவு கூடுதலாக விட்டுக் கடைந்து, பிறகு கையால் ரீமர் போட்டுப் பொருத்துவார். புஷ்ஷுக்குள் பின் இறங்கும்போது 'சுக்' என்று காற்று வெளியேறுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றைக் கடைவார். அந்தச் சத்தத்துக்காகப் பக்கத்தில் நின்று காது கொடுத்த பையன் நான்.

அந்தக் கார்களைச் செய்த கொம்பனி என்ன ஆனது என்று அப்போது எங்கள் கராஜில் ஒருவருக்கும் தெரியாது. பின்னாளில் வாசித்துத்தான் அறிந்தேன். ஒஸ்ரினும் மொறிஸும் 1952 இல் ஒரே கொம்பனியாகின. 1968 இல் லேலண்டோடு சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெயரில் வந்தன. எங்கள் டிப்போவில் நின்ற சிவப்பு பஸ்களின் லேலண்டும் அதே குடும்பம்தான். 1974 முடியும்போது அந்தப் பெரிய குடும்பத்திடம் காசில்லை. பிரித்தானிய அரசு முதலில் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றது. அடுத்த வருடம் அரசு நியமித்த ரைடர் குழு அறிக்கை கொடுக்க, பங்குகளை வாங்கி அரசே முதலாளியானது. அறிக்கை கேட்ட தொகை, பல வருடங்களுக்குமாகச் சேர்த்து, 100 கோடிப் பவுணுக்கு மேல்.

காசு போனது. கார் மாறவில்லை. பழைய மொடல்களையே திருப்பித் திருப்பிச் செய்தார்கள். வேலைநிறுத்தம் ஒன்று முடிந்தால் மற்றது. ஜப்பான்காரன் வந்து சந்தையைப் பிடித்தான். எங்கள் கராஜிலும் அதைப் பார்த்தோம். ஏ-40 வந்த இடத்துக்கு டட்சன் சனி வந்தது. 1988 இல் அரசு, ரோவர் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கொம்பனியை, பிரிட்டிஷ் ஏரோஸ்பேசுக்கு விற்றது. 1994 இல் அது பி.எம்.டபிள்யூ.வின் கைக்குப் போனது. 2000 ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. தலைமுழுகி, மிஞ்சியிருந்த ரோவரை நான்கு வியாபாரிகளின் குழுவிடம் கொடுத்தது. விலை 10 பவுண். 2005 ஏப்ரலில் முழுக்க மூழ்குகிற நேரத்தில் அரசு கடைசியாக 65 இலட்சம் பவுண் கடன் கொடுத்தது. ஒரு வாரச் சம்பளத்துக்கு அது போதுமாக இருந்தது. அந்த வாரம் கழிந்ததும் அதன் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை மூடப்பட்டு ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தார்கள். கடைசி ஐந்து வருடத்தில் அந்த நான்கு வியாபாரிகளும் தலைமை நிர்வாகியும் சம்பளமும் ஓய்வூதியமுமாக 4 கோடிப் பவுணுக்கு மேல் எடுத்திருந்ததை அரசு நியமித்த விசாரணையாளர்கள் 2009 இல் வெளியிட்டார்கள்.

தொண்ணூறுகளில் காலிப் பக்கத்துப் பட்டறை ஒன்று மொறிஸ் மைனருக்குத் தகரப் பாகங்கள் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? செய்தவன் கைவிட்ட காருக்கு இந்தத் தீவின் டிங்கர் பாஸ்மார் மட்காட் அடித்து அனுப்பினார்கள். இதே கை, இதே தொழில். அந்தத் தொழிலுக்கு எந்த அரசும் ஒரு சதம் கடன் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதைச் சொல்வதால் கார்க் கொம்பனிக்கு அரசு உதவுவதே பிழை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். உதவியால் எழுந்தவையும் இருக்கின்றன. எழுந்ததற்கும் விழுந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

அமெரிக்காவில் கிரைஸ்லர் கொம்பனி 1979 இல் விழப் பார்த்தது. 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அரசு 1.5 பில்லியன் டொலர் கடனுக்குப் பிணை நின்றது. ஆனால் சும்மா நிற்கவில்லை. வங்கிகள் விட்டுக்கொடுக்க வேண்டும், தொழிற்சங்கம் சம்பளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், பங்கு விலை ஏறினால் இலாபத்தில் அரசுக்கும் உரிமை வேண்டும் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியது. தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசர் பணிப்பாளர் சபையில் உட்கார்ந்தார். கொம்பனி 1983 இலேயே, தவணைக்கு ஏழு வருடம் முன்னதாக, கடனைத் தீர்த்தது. அரசுக்கு 300 மில்லியன் டொலருக்கு மேல் இலாபமும் கிடைத்தது.

2008 இல் மறுபடியும் விழுந்தார்கள், இம்முறை ஜெனரல் மோட்டோர்ஸும் சேர்ந்து. டிசம்பரில் ஜனாதிபதி புஷ் 17.4 பில்லியன் டொலர் கடன் அறிவித்தார். அடுத்து வந்த ஒபாமா, ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவரைப் பதவி விலகச் சொல்லிவிட்டுத்தான் மேலும் காசு கொடுத்தார். எல்லாமாகக் கிட்டத்தட்ட 80 பில்லியன் போனது, 9 பில்லியனுக்கு மேல் திரும்பவில்லை. அந்த நட்டத்துக்குப் பெறுமதி இருந்ததா என்று அங்கே இன்னும் தர்க்கம் நடக்கிறது. என் கண்ணில் பட்டது வேறொன்று. 2009 மார்ச்சில், பெரிய கொம்பனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற சிறிய தொழிற்சாலைகள் காசு வராமல் சாகக்கூடாது என்று அவர்களுக்கென 5 பில்லியன் டொலர் வரை தனியாக ஒதுக்கினார்கள். கார் வாங்கியவரின் வாரண்டிக்கும் அரசு பொறுப்பு நின்றது. ஒரு கார் ஓடுவதற்குச் செய்தவன் மட்டும் போதாது, பாகம் கொடுப்பவனும் பழுது பார்ப்பவனும் உயிரோடு இருக்கவேண்டும் என்று அந்த அரசு கணக்கில் எழுதியது.

மலேசியாவின் புரோட்டன் கதையை அங்கே வேலைக்குப் போய் வந்த எங்கள் பிள்ளைகளிடம் கேட்டாலே சொல்வார்கள். மகாதீர் தொடங்கி, 1985 இல் சாகா காரை வெளியே விட்டு, நாட்டின் பெருமையென்று வரிச் சுவர் கட்டிக் காப்பாற்றி வளர்த்த பிள்ளை அது. சுவருக்குள் வளர்ந்ததால் வெளியே நிற்கப் பலம் வரவில்லை. 2016 இல் அரசு 1.5 பில்லியன் ரிங்கிட் சலுகைக் கடன் கொடுத்தது. வெளிநாட்டுப் பங்காளி ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த வருடம் சீனாவின் ஜீலி 49.9 வீதப் பங்கை வாங்கியது. தேசியப் பெருமையில் பாதி போனது என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. தொழிற்சாலை ஓடுகிறது, வேலை நடக்கிறது. எனக்கு அது போதுமான பதில்.

இன்னும் கிட்டத்தில் மாருதி. சஞ்சய் காந்தி 1971 இல் தொடங்கிய கொம்பனி விற்பனை முகவர்களின் முற்பணத்தையும் வங்கிக் கடனையும் விழுங்கிவிட்டு, சொன்ன காரைச் சொன்னபடி கொடுக்காமலே முடங்கியது. 1980 இல் இந்திய அரசு அதைச் சட்டம் போட்டுத் தன்வசம் எடுத்தது. சுசுகிக்கு 26 வீதப் பங்கு கொடுத்துத் தொழில்நுட்பம் வாங்கியது. 1983 டிசம்பரில் முதல் கார் வந்தது. பாகங்களை இந்தியாவிலேயே செய்யவேண்டும் என்று வருடாவருடம் நெருக்கியதால் தொழிற்சாலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் எழுந்தன. அந்த மாருதி 800ஐயும் அல்ட்டோவையும் நீங்கள் எத்தனை தடவை ஜக்கில் ஏற்றியிருப்பீர்கள்? முடங்கிய ஒரு கொம்பனியை அரசு கணக்குக் கேட்டு, பங்கு வைத்து, பாகம் கேட்டு எழுப்பியதால்தான் அந்தக் கார் உங்கள் கராஜுக்கு வந்தது.

இனி எங்கள் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

கார் பொருத்துவது இங்கே புதிதல்ல. உபாலி விஜேவர்தன எழுபதுகளில் பியட்டும் மஸ்டாவும் பொருத்தி விற்றார். 1983 பெப்ரவரியில் அவர் பயணம் செய்த விமானம் காணாமல் போனது, அந்தக் கனவும் அவரோடு போனது. 1982 இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கியது, அதில் இலங்கை அரசுக்கும் பங்கு உண்டு. பிறகு லோரன்ஸ் பெரேராவின் மைக்ரோ வந்தது. இலங்கையன் ஒருவன் தன் பெயரில் கார் விட்டான் என்று அந்தக் காலத்தில் நானும் பெருமைப்பட்டேன், இப்போதும் அதற்கு வெட்கப்படவில்லை. 2017 ஜனவரியில் குளியாப்பிட்டியில் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வொக்ஸ்வாகன் வருகிறது என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். வொக்ஸ்வாகன் கார் ஒன்றும் அங்கிருந்து வெளியே வரவில்லை. 2019 இல் வெலிப்பன்னையில் மஹிந்திரா கார் பொருத்தத் தொடங்கினார்கள். ஓட்டோவும் இப்போது இங்கே பொருத்துகிறார்கள்.

இந்தக் கொம்பனிகளுக்கு அரசு நேரே காசை எண்ணிக் கொடுப்பதில்லை. வேறு விதமாகக் கொடுக்கிறது. இங்கே இறக்குமதிக் காரின் விலையைவிட அதன் வரி கூட. உள்நாட்டில் பொருத்தும் வாகனத்துக்கு, அதில் உள்ளூர்ப் பெறுமதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, உற்பத்தி வரியில் சலுகை உண்டு. ரயர், பற்றறி, சீற், சைலன்சர், பெயின்ற் என்று உள்ளூரில் கிடைப்பவற்றைச் சேர்த்து அந்த வீதத்தைக் காட்டுவார்கள். உதாரணத்துக்கு ஒரு காருக்கு 10 இலட்சம் ரூபாய் வரி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கார் பொருத்தினால் 100 கோடி. திறைசேரிக்கு வரவேண்டிய அந்த 100 கோடி வராமல் கொம்பனியின் கையில் நிற்கிறது. அதற்கு வட்டி கிடையாது, தவணை கிடையாது, பிணை கிடையாது. இதைத்தான் நான் கடன் என்று எழுதாத கடன் என்கிறேன். வராத அந்தக் காசை ஈடுசெய்ய நீங்கள் வாங்கும் ஒயில் போத்தலிலும் பிள்ளையின் பாடசாலைக் கொப்பியிலும் பெறுமதி சேர் வரி வாங்குகிறார்கள்.

சலுகை கொடுக்கட்டும். அதற்கு நான் எதிரி இல்லை. பியகமவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஜப்பான் கார்களுக்கு எயார்பேக் சென்சர் போகிறது. இந்த நாட்டுப் பிள்ளைகளின் கை அந்த அளவு நுட்பமானது. ஆனால் எழுதாத கடனுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்க ஆளிருக்காது. என்ன திரும்பி வந்தது என்று கேட்கவும் ஆளிருக்காது. கொம்பனி விழும் நாளில் மட்டும், இத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறது என்று உண்மையான கடனும் கேட்பார்கள். அரசும் கொடுக்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பாடம் கறள் பிடித்து நிற்கிறது. 1960 இல் தொடங்கிய கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. மறுபடி திறக்கிறோம் என்று எத்தனையோ அரசாங்கம் சொல்லிவிட்டது. அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய காசுக்காக ஏறி இறங்கியதைக் கந்தளாய்ச் சகோதரர்கள் நேரே பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது கராஜின் பக்கத்தைப் பாருங்கள். என் மருமகன் 2018 இல் வங்கியில் கடன் எடுத்தான். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. காரைத் தலைக்கு மேல் தூக்கும் இரண்டு தூண் லிப்ட் ஒன்றும், புதுக் கார்களைப் பார்க்க ஸ்கேனர் ஒன்றும் வாங்கினான். கராஜ் நிற்கும் காணி உறுதியைத்தான் பிணை வைத்தான். அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டு. உல்லாசப் பயணி இல்லை, நிலாவெளி வான்காரர்களுக்கு ஹையர் இல்லை, எங்களுக்கு வேலை இல்லை. அதற்கடுத்த மார்ச்சில் கொரோனா. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் ஏறியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளி வட்டியைக் கூட்டியது. வருடக் கடைசியில் நல்ல வாடிக்கையாளருக்கே வங்கி வட்டி 30 வீதத்தைத் தொடப்போனது. இவன் கட்டிய தவணை முழுக்க வட்டிக்கே போனது, முதல் ஒரு ரூபாயும் குறையவில்லை.

ஆனால் வாகன இறக்குமதி நின்றபின் கராஜில் வேலை இல்லாமலில்லை. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரெல்லாம் எங்களிடம்தான் வந்தது. ஒரு பழைய வெகன் ஆர் அரைக்கோடி ரூபாயைத் தாண்டி விற்ற நாட்கள் அவை. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் கண் முன்னே நிற்க, ஓட்டோக்காரத் தம்பிமார் வாரத்துக்கு 5 லீற்றருக்குக் கியூ.ஆர். காட்டிக் காத்து நின்றார்கள். அவர்களின் பிஸ்டனையும் கிளச்சையும் நாங்கள் கடனுக்குப் போட்டுக் கொடுத்தோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு என்ஜினைத் தட்டி எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட வைத்தது போல, பாகம் இல்லாத இடத்தில் மூளையைப் பாவித்தோம். ஐந்து வருடம் இந்த நாட்டை ஓட்டியது கராஜ். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புது வாகனம் இல்லாத ஒரு நாடு வேறு எதனால் ஓடியிருக்கும்?

அதற்குக் கிடைத்த பதில் வங்கியிடமிருந்து ஒரு கடிதம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தை, எல்லோரும் பராட்டே சட்டம் என்கிற அதை, காட்டி எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே, வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தாலே, பிணை வைத்த காணியை ஏலத்தில் விடலாம். மருமகன் கடிதத்தை லிப்டின் தூணில் கிறீஸ் பிடித்த விரலால் ஒட்டிவைத்துவிட்டு அன்றும் வேலை செய்தான். அவன் தாய், என் அக்கா, அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் சமைக்கவில்லை. 2024 இல் நாடாளுமன்றம் பராட்டேயைக் கொஞ்சக் காலத்துக்கு இடைநிறுத்தியதால் மூச்சு விட்டோம். இடைநிறுத்தம் நீண்டது, ஆனால் கடன் அப்படியே நிற்கிறது. அதே 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். வங்கி விழக்கூடாது, சரி. கார்க் கொம்பனி விழக்கூடாது, அதுவும் சரி. கராஜ் விழலாமா?

ஒரு கிழமைக்கு முன்னர் நிலாவெளியிலிருந்து ஒரு அல்ட்டோ வந்தது. என்னால் இப்போது சரியாகப் பார்க்க முடியாது, கையால் தடவிப் பார்ப்பேன். லிப்டில் ஏற்றியபின் ஓட்டுநர் சீற்றுக்குக் கீழே தடவினேன். தகரம் பப்படம்போல நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. உப்புக் காற்று வேலை செய்திருக்கிறது. சைலன்சரும் அப்படித்தான், இந்தக் கரையில் மூன்று மழைக்காலம் தாண்டுவதில்லை. உள்ளூர்ப் பெறுமதி என்று கணக்குக் காட்டும் அந்தச் சைலன்சர் எந்த இடத்தில் முதலில் ஓட்டை விழும், எந்த வெல்டிங் கழரும் என்று திருகோணமலையில் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்குத் தெரியும். கொழும்பில் அதைச் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. யாரும் அந்தப் பையனிடம் கேட்டதில்லை.

ஆகவே நாங்கள் கேட்க வேண்டியதை எனக்குப் பட்டபடி சொல்கிறேன். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் திருத்துங்கள்.

வாகனம் பொருத்தும் ஒவ்வொரு கொம்பனிக்கும் வருடத்துக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்பட்டது என்று பெயரும் தொகையுமாக நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தமிழிலும் அச்சிட வேண்டும். அதைப் பார்த்தபிறகுதான் கடன், பிணை என்ற பேச்சு. கடன் கொடுப்பதானால் கிரைஸ்லரிடம் அமெரிக்க அரசு கேட்டது போலப் பங்கும் இலாபத்தில் உரிமையும் கேட்கட்டும். மாருதிக்கு வைத்தது போல, எந்த வருடத்தில் எந்தப் பாகம் உள்நாட்டில் செய்யப்பட வேண்டும் என்று திகதி வைக்கட்டும். வீதக் கணக்கு மட்டும் போதாது. ரயரும் பற்றறியும் காரைப் பொருத்துவதற்கு முன்னமே இங்கே செய்யப்பட்டவை. புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்ததுதான் எங்களுக்கு உயிர். இப்போது வரும் கார்களில் பாதி வேலை கணினியில். கொம்பனியின் சொந்த ஸ்கேனரும் கடவுச்சொல்லும் இல்லாமல் ஒரு பிரேக் மொடியூலைக்கூட மாற்ற முடியாத கார்கள் இருக்கின்றன. வாகனக்காரர் சின்னப் பழுதுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டும். மக்கள் காசில் சலுகை வாங்கிப் பொருத்திய வாகனத்தின் திருத்தக் கையேடும் மென்பொருளும் பாகமும் நியாயமான விலையில் எந்தக் கராஜுக்கும் கிடைக்க வேண்டும் என்பதைச் சலுகையின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைக் கேட்காமல் விட்டால் பத்து வருடத்தில் உங்கள் கராஜ் ரயருக்குக் காற்றடிக்கும் இடமாகிவிடும்.

பயிற்சியும் வேண்டும். 1959 இல் ஜேர்மன் அரசின் உதவியோடு தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொறட்டுவையில் இருக்கிறது. அங்கே படித்து வந்தவனின் கை தனி. ஆனால் மூதூர்ப் பிள்ளை மொறட்டுவையில் அறை எடுத்துப் படிக்க எத்தனை வீட்டில் வசதி இருக்கிறது? மின்சார வாகனமும் ஹைபிரிட்டும் திருத்தப் பழக்கும் ஒரு பட்டறை திருகோணமலைக்கு வரவேண்டும், பொருத்தும் கொம்பனிகளே அதற்குக் காரும் கருவியும் கொடுக்க வேண்டும். கராஜில் கை பழகியவர்களுக்குப் பரீட்சை வைத்துத் தொழிற்தகைமைக்கான என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்க வேண்டும். இருபது வருடம் என்ஜின் இறக்கியவனை எழுத்து வாசிப்புக் குறைவென்று வெளியே நிறுத்தக்கூடாது.

கடைசியாக எங்கள் கடன். தள்ளுபடி கேட்கச் சொல்லவில்லை. வாங்கியதைக் கட்டுவோம். கார்க் கொம்பனிக்கு வட்டியில்லாமல் விட்டுக்கொடுக்க முடியுமென்றால், 2019க்கும் 2022க்கும் இடையில் அடிவாங்கிய கராஜுக்கு முதலைப் பிரித்து, வட்டியைத் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கி, தவணையை நீட்டிக் கொடுக்கவும் முடியும். லிப்டும் லேத்தும் ஸ்கேனரும் பிணையாக ஏற்கப்பட வேண்டும். வீட்டுக் காணியை விட்டால் பிணை இல்லை என்ற நிலை மாறவேண்டும்.

தனித்தனியாகப் போனால் இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டோக்காரருக்குச் சங்கம் இருக்கிறது, மீனவருக்குச் சங்கம் இருக்கிறது. எங்களுக்குள் ஒருவர் வாடிக்கையை மற்றவர் பறிக்கிற கோபமும், தமிழன் கராஜ், முஸ்லிம் கராஜ், சிங்களவன் கராஜ் என்ற பிரிவும் இன்னும் இருக்கிறது. பராட்டேக் கடிதம் மூன்று மொழியிலும் வருகிறது. உள்ளூர்க் கார் கொம்பனிகளின் ஆட்கள் அமைச்சின் வாசலில் ஒன்றாகத்தான் நிற்பார்கள். நாங்களும் ஒன்றாக நிற்கப் பழக வேண்டும்.

இந்த மடலின் பிரதியை எங்கள் மாவட்டத்தின் நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கைத்தொழில் அமைச்சுக்கும் அனுப்பப் போகிறேன். என் கையெழுத்து மட்டும் இருந்தால் அது ஒரு கிழவனின் கடிதம். கராஜ் கராஜாகக் கையெழுத்து இருந்தால் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். வருகிற போயா தினத்தில் கராஜ் பூட்டு, ஆனால் பின்னேரம் நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். உங்கள் கடன் தாளின் பிரதி இருந்தால் கொண்டு வாருங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு கடன், எந்த வருடம் எடுத்தது, இந்த மூன்றையும் எழுதினால் போதும். எழுத வராதவர்களுக்கு மருமகனின் மகள் எழுதித் தருவாள். சிங்களத்திலும் அவளால் எழுத முடியும்.

உங்கள் அன்புள்ள,
டொக்யாட் பிற்றரின் மகன்,
திருகோணமலை